வாசனை போடாத குடுவை

1

உலகெங்கும் வாழும் மனிதர்களே, கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருங்கள். காதல் எங்கே பிறக்கிறது, நினைவு எங்கே தங்குகிறது என்று இத்தனை காலமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த அனைவருக்கும் விடை கிடைத்துவிட்டது. அந்த விடை ஒரு கண்ணாடிக் குடுவைக்குள், சோப்பு கரைத்த தண்ணீரின் நிறத்தில், வட்டம் போட்டு ஆடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கதையைப் படித்து முடிக்கும்போது நீங்கள் பழைய நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

இந்தப் பத்தியைச் சித்தியிடம் படித்துக் காட்டினேன்.

"அத்தான், இது ரொட்டியை உப்ப வைக்கிற ஈஸ்ட்டைப் பத்தின கதைதானே?"

"ஆமா."

"அப்ப எதுக்கு எல்லாரையும் நிமிர்ந்து உக்காரச் சொல்றீங்க? சாஞ்சே படிக்கட்டுமே."

சாய்ந்தே படியுங்கள்.

சித்தி எனக்குச் சித்தி அல்ல. என் மனைவியின் தங்கை. என் பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது வீட்டுக்கு மின்விசிறி பழுதுபார்க்க வருகிறவர்கூட அவளைச் சித்தி என்கிறார். அவர் அவளைவிட இருபது வயது மூத்தவர். அவள் ஓர் ஆய்வகத்தில் ஈஸ்ட் செல்களை வளர்க்கிறாள். அவை ஒன்றுக்கொன்று எப்படிச் சேதி அனுப்புகின்றன, சேதி வந்ததும் உள்ளே எந்த மரபணு விழிக்கிறது, எது தூங்குகிறது என்று பார்ப்பது அவள் வேலை. அந்த வேலை ஒப்பந்தத்தில் ஓடுகிறது. ஒப்பந்தம் முடியும் நேரம் வந்தால் அவள் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவாள்.

கதை பிறந்த விதத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து, சர்க்கரை கரைந்து வெகுநேரம் ஆன காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். என்னடி என்று அவள் அக்கா கேட்டாள்.

"என் ஈஸ்ட்டுக்கு ஞாபகம் இருக்குக்கா" என்றாள் சித்தி.

அவ்வளவுதான். எனக்குக் கதை என்று ஒன்று வந்து மாதக்கணக்காகியிருந்தது. நான் அந்த வாக்கியத்தை வாரிச் சுருட்டிக்கொண்டு என் அறைக்கு ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாள் என்பதை அவள் அக்காதான் கேட்டாள்.

2

முதல் தொடக்கம்: "அவள் நகர முடியாதவள். அவனும் நகர முடியாதவன். இருவருக்கும் நடுவே ஒரு நதி—"

(நதி இல்லை, சர்க்கரைத் தண்ணீர். அவளும் இல்லை, அவனும் இல்லை. ஈஸ்ட்டில் இரண்டு வகை உண்டு. விஞ்ஞானிகள் ஆண் பெண் என்று பெயர் வைக்காமல் ஆளுக்கோர் எழுத்தை ஒட்டிவிட்டார்கள். எழுத்தாளன் பிழைக்க வழியில்லாத துறை.)

இரண்டாம் தொடக்கம்: "கடவுள் முதலில் படைத்தது மூக்கை—"

(இதற்கு மேல் எனக்கே தைரியம் வரவில்லை.)

மூன்றாவது, சித்தி சொல்லச் சொல்ல எழுதியது. ஒரு வகை ஈஸ்ட் தன் வாசனையைத் தண்ணீரில் கசியவிடும். நாம் மோந்தால் தெரியாத, சின்னஞ்சிறு புரதத் துண்டு அது. மற்ற வகையின் சுவர் முழுக்க மூக்குகள். மூக்கில் அந்த வாசனை பட்டதும் அது உள்ளே பக்கத்திலிருப்பவனைத் தட்டும், அவன் அடுத்தவனைத் தட்டுவான், இப்படிக் கைமாறிக் கைமாறிச் சேதி செல்லின் நடுவறைக்குப் போய்ச் சேரும். 'அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்வதைப் போல' என்று எழுதினேன். சித்தி அதை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினாள்: 'இங்கே நகரும்.'

சங்கடம் என்னவென்றால், அதே குமாஸ்தாக்கள்தான் பசி இலாகாவிலும் வேலை பார்க்கிறார்கள். சாப்பாடு குறைந்துபோனாலும் செல் அதே ஆட்களைத்தான் தட்டியாக வேண்டும். காதல் கோப்பு தவறிப் பசி இலாகாவுக்குப் போனால் கல்யாணத்துக்குப் பதில் பந்தி மட்டும் நடக்கும். அதற்காகச் செல் ஒரு பெஞ்சு போட்டு வைத்திருக்கிறது.* வாசனை வந்ததும் குமாஸ்தாக்களை அதில் நெருக்கி உட்காரவைத்து, கோப்பை வேறெங்கும் போகவிடாமல் வாங்கிக்கொள்கிறது.

[* பெஞ்சும் ஒரு புரதம்தான். உட்கார இடம் கொடுப்பதைத் தவிர அது எதுவும் செய்யாது என்றுதான் முதலில் நினைத்தார்களாம். பிறகு பெஞ்சும் கொஞ்சம் வேலை பார்க்கிறது என்று தெரிந்து ஆடிப்போனார்களாம். எந்த அலுவலகத்துக்கும் இது அதிர்ச்சிதான்.]

நடுவறையில் மரபணுக்கள் சுருட்டி வைத்த பாய்களாக உறங்குகின்றன. அவற்றைப் படித்துச் சொல்ல வேண்டியவன் தயாராகத்தான் நிற்கிறான்; ஆனால் அவன் வாயை ஒரு காவலாள் பொத்திக்கொண்டிருக்கிறான். சேதி வந்ததும் காவலாள் கையை எடுக்கிறான். பாய் விரிகிறது. செல், அதுவரை விடாமல் செய்துவந்த ஒரே வேலையை, இரண்டாகப் பிரியும் வேலையை, அப்படியே நிறுத்துகிறது. வாசனை எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக அதன் உடம்பின் ஓரம் மெல்ல மெல்ல நீள்கிறது. உருண்டை, பேரிக்காயாகிறது. காலில்லை, கண்ணில்லை, போக வழியுமில்லை. முழு உடம்பையும் ஒரே மூக்காக்கிக்கொண்டு, வெதுவெதுப்பான இருட்டில், யாரோ இருக்கும் திசையை நோக்கி அது நீண்டுகொண்டே இருக்கிறது, தூக்கத்தில் கை நீட்டுகிறவர்களைப் போல.

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சித்தி அடிக்கவில்லை. அடிப்பாள் என்று பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

3

இனிக் கதை.

ஆய்வகத்தின் வெப்ப அறைக்குள் நுழைந்தால் சித்திக்கு மூக்குக்கண்ணாடி மூடுபனியாகிவிடும். துடைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். குடுவைகள் மேடையில் ஒரே தாளத்தில் வட்டமடிக்கும். சுடப்போகும் ரொட்டியின் மணம். எங்கும் வெள்ளை மங்கல். அந்த நேரத்தில் தான் ஒரு பெரிய செல்லுக்குள் நிற்பதாகத் தோன்றும் என்று அவள் ஒருமுறை என்னிடம் சொன்னாள். பிறகு, "இதை எழுதாதீங்க" என்றாள்.

அவள் கேட்ட கேள்வி எளிமையானது. ஒருமுறை அந்த வாசனையை மோந்த செல்லை எடுத்து, நன்றாக அலசி, மறுபடியும் சும்மா சர்க்கரைத் தண்ணீரில் விட்டால், அதன் பிள்ளைகளுக்கும் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் அது தெரியுமா? இதற்காக இரண்டு குடும்பங்களை வளர்த்தாள். ஒன்று, முன்னோர் வாசனை கண்ட குடும்பம். மற்றது, வாசனையே அறியாத குடும்பம். வாசனை கண்ட குடும்பத்தை இரண்டு குடுவைகளில் விடுவாள். ஒன்றில் வாசனை போடுவாள்; அதன்மேல் பேனாவால் 'வாசனை' என்று எழுதியிருக்கும். இன்னொன்றில் எதுவும் போட மாட்டாள். அதன்மேல் 'சும்மா' என்று எழுதியிருக்கும். வாசனை அறியாத குடும்பத்துக்கு 'சும்மா' மட்டும்தான்.

சும்மாவில் விட்ட செல்கள் சும்மா இருக்க வேண்டும். உருண்டையாக, தன்பாட்டுக்குப் பிரிந்துகொண்டு. வாசனை அறியாத குடும்பம் அப்படித்தான் இருந்தது. வாசனை கண்ட குடும்பமோ, எதுவும் போடாத குடுவையில், மூக்கை நீட்டியிருந்தது.

அழைக்க யாருமில்லை. ஆனாலும் நீட்டியிருந்தது. கொள்ளுப்பாட்டி ஒருநாள் மோந்த வாசனைக்காகக் கொள்ளுப்பேத்திகள் இருட்டில் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி செய்தாள். மறுபடியும் நீட்டின. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்ததும் ஜன்னலுக்கு வெளியே நின்ற மரங்கள், வண்டிகள், சாலையைக் கடந்த ஆட்கள் எல்லாமே ஏதோ ஒரு பக்கமாகச் சற்றே நீண்டு தெரிந்தன அவளுக்கு.

ஆய்வகத்தின் தலைவருக்கு அங்கே வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் 'தலைப்பு'. பரிசோதனைக்கு முன்பே கட்டுரைத் தலைப்பை முடிவு செய்துவிடுவார். நடுவில் ஒரு முக்காற்புள்ளி இல்லாத தலைப்பை அவர் தலைப்பாகவே மதிக்க மாட்டார். லென்ஸில் கண்ணை வைத்துப் பார்த்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"இது வெறும் ஈஸ்ட் இல்லம்மா" என்றார் கடைசியில். குரல் கம்மியிருந்தது. "எழுதிக்கோங்க. நினைவின் நறுமணம், முக்காற்புள்ளி, இல்லாத அழைப்புக்குச் செவிசாய்க்கும் செல்கள்."

"சார், வாசனைன்னா மூக்குதானே? செவி எங்க வருது?"

"அதெல்லாம் தலைப்புல பார்க்கக் கூடாது."

அடுத்த மாதம் ஒரு பெரிய மாநாடு. விளக்கை அணைத்துவிட்டு அவர் காட்டப்போகும் முதல் படம், சித்தி எடுத்த படம். அதற்குப் பிறகு யாரும் அவளிடம் ஒப்பந்தம் என்ற வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள் என்று அவரே சொன்னார். நிரந்தர வேலை. சொந்தமாக ஒரு மேசை, ஒரு ஜன்னல்.

4

ஒருநாள் 'சும்மா' உடைந்தது.

(இங்கே ஒரு பெரிய புயலை வரவழைக்கலாமா என்று யோசித்தேன். இல்லை, கை ஈரம், வழுக்கிவிட்டது.)

அவசரத்துக்குச் சித்தி அடுத்த அலமாரியிலிருந்து ஒரு குடுவையை எடுத்து, அதன்மேல் 'சும்மா' என்று எழுதி, வாசனை கண்ட குடும்பத்தை அதில் விட்டாள். அன்று அவை மூக்கை நீட்டவில்லை. ஒன்றுகூட.

தலைப்பிடம் போய்ச் சொன்னாள்.

"ஏதோ தப்பு பண்ணியிருப்பீங்க. அதைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி செய்யுங்க."

"ஏன் சார், நீட்டின அன்னிக்கெல்லாம் தப்பு பண்ணியிருப்பேன்னு உங்களுக்குத் தோணவே இல்லையே?" என்று சித்தி நிமிர்ந்து கேட்டாள்.

(சித்தியின் ஓரக்குறிப்பு: 'நான் அப்படிக் கேட்கவில்லை. "சரி சார்" என்றேன்.')

சரி சார் என்றாள். வெப்ப அறைக்குப் போனாள். கண்ணாடி மூடுபனியானது. அந்த மங்கலில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அவளுக்கு இரண்டு அலமாரிகளும் தெரிந்தன.

இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். கதையே இதில்தான் இருக்கிறது. வாசனை அறியாத குடும்பத்தின்மேல் தவறியும் வாசனை பட்டுவிடக் கூடாது என்று சித்தி அதற்குத் தனிக் குடுவைகள், தனி அலமாரி வைத்திருந்தாள். அவ்வளவு சுத்தம். வாசனை கண்ட குடும்பத்தின் குடுவைகள் எல்லாம் முதல் அலமாரி. கழுவி, ஆட்டோகிளேவ் என்கிற பெரிய குக்கரில் வேகவைத்து அடுக்கி வைப்பார்கள். ஆவியில் பேனா எழுத்து அழிந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுவாள். நேற்று 'வாசனை'யாக இருந்தது இன்று 'சும்மா'வாக இருந்திருக்கலாம்.

அந்தப் புரதத் துண்டு கண்ணாடியில் ஒட்டும். கழுவினாலும் வேகவைத்தாலும் ஒரு துளி மிச்சமிருந்து மெல்லக் கசியலாம். போதாததற்கு, அவளுடைய ஈஸ்ட் வேறு அதிகக் கூர்மையானது: வாசனையை வெட்டிப்போடும் கத்தரிக்கோல் ஒன்று சாதாரண ஈஸ்ட்டிடம் இருக்கும், அதைச் சித்தி இதிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள். துளியில் துளி பட்டாலும் மூக்கு நீண்டுவிடும். உடைந்த குடுவைக்குப் பதிலாக அவள் எடுத்ததோ, வாசனையே படாத இரண்டாம் அலமாரிக் குடுவை.

அப்படியானால் ஞாபகம் வைத்திருந்தது ஈஸ்ட்டா, கண்ணாடியா?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தன் அக்காவிடம் சொன்ன முழு வாக்கியம் இதுதான்: "என் ஈஸ்ட்டுக்கு ஞாபகம் இருக்குக்கா, இல்லைன்னா என் குடுவைக்கு இருக்கு. எதுன்னு பார்க்கவே பயமா இருக்கு."

நான் முற்றுப்புள்ளி வைத்துக்கொண்டு ஓடிய இடத்தில் கமாதான் இருந்தது.

5

தலைப்பை வில்லனாக்கிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். வழுக்கை, ஏப்பம், பிறர் உழைப்பில் குளிர்காய்தல் என்று ஒரு பக்கத்துக்குத் தாளித்திருந்தேன். சித்தி படித்துவிட்டுத் தாளை மடித்தாள்.

"அவர் கெட்டவர் இல்ல அத்தான். போன தடவை என் ஒப்பந்தத்தை நீட்டிக்க ஒவ்வொரு அறையா ஏறி இறங்கிக் கெஞ்சினவரே அவர்தான். அவருக்கு நிஜமாவே அந்த ஈஸ்ட் மேல ஆசை. பார்த்தாருன்னா கண்ணு கலங்கும்."

"அப்ப சொன்னாக் கேட்டுப்பாரே?"

"கண்ணு கலங்கினவங்ககிட்ட சொல்றதுதான் கஷ்டம்."

வழுக்கையை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவருக்குத் தலை நிறைய முடி என்றாள்.

6

(ஒரு சிறு பரிசோதனை. கதைக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் தாண்டிப் போகலாம்.)

எனக்கும் ஒரு 'சும்மா' குடுவை வேண்டும் என்று தோன்றியது. கதையில் எதையும் போடாமல் வைத்தால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டாமா? ஒரு தாளில் இப்படி எழுதினேன்: "மழை நின்றிருந்தது. ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அதன்மேல் மடித்து வைத்த ஒரு சால்வை." அவ்வளவுதான். ஆளில்லை, சம்பவமில்லை. மனைவியிடம் நீட்டினேன். படித்தவள் மூக்கை உறிஞ்சினாள்.

"ஏங்க, யாரு செத்துட்டாங்க?"

"யாரும் சாகல. ஒண்ணுமே போடல அதுல."

"அப்புறம் ஏன் எனக்கு அழுகை வருது?"

"நீ ஏற்கெனவே படிச்ச கதையெல்லாம் உள்ள ஒட்டியிருக்கு."

"நல்லாத் தேச்சுக் கழுவாம விட்டது உங்க தப்பு" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனாலும் அந்தச் சால்வை பாவம்."

7

முடிவுகள்.

(அ) சித்தி பேசாமல் இருந்துவிடுகிறாள். குடுவை உடைந்த அன்றைய கணக்கு குப்பைக்கூடையோடு போகிறது. மாநாட்டில் விளக்கு அணைகிறது. கைதட்டல். அவளுக்கு மேசையும் ஜன்னலும் கிடைக்கின்றன. அந்த ஜன்னலில் அவள் ஒருநாளும்—

(இதைப் படித்ததும் சித்தி, "ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு நல்லாத்தான் இருப்பேன், அதான் எனக்குப் பயம்" என்றாள்.)

(ஆ) அரங்கம். இருட்டு. திரையில் நீண்ட மூக்குகள். பின்வரிசையிலிருந்து ஓர் உருவம் எழுகிறது. "நிறுத்துங்கள்! நினைவு செல்லில் இல்லை, கண்ணாடியில் இருக்கிறது!" அரங்கமே—

(எழுதும்போது எனக்கே கைதட்டத் தோன்றியது. எனக்குக் கைதட்டத் தோன்றினால் அது பொய்யாகத்தான் இருக்கும்.)

(இ) சித்தி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்கிறாள். இம்முறை கண்ணாடியே இல்லை. உறை பிரிக்காத புதுப் பிளாஸ்டிக் குடுவைகள், எந்த வாசனையும் அறியாதவை. கழுவாத முன்வினை எதுவும் அவற்றில் இல்லை. வாசனை கண்ட குடும்பத்தின் கடைசிப் பேத்திகளை அவற்றில் விடுகிறாள். காத்திருக்கிறாள். பின்மதிய வெளிச்சம் மேசைமேல் தேன்போல் வழிகிறது. லென்ஸின் வட்டத்துக்குள் அவை ஒவ்வொன்றாகத் தெளிகின்றன: எதுவும் போடாத தண்ணீரில், யாருமே அழைக்காத வெளியில், ஒன்று மெல்ல நீள்கிறது, அதைப் பார்த்து இன்னொன்று, பிறகு எல்லாமே, ஒரு பழைய பாட்டின் முதல் அடி நினைவுக்கு வந்த கூட்டத்தைப்போல, ஒரே திசையில்...

(இ) எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு பக்கத்துக்கு ஓடியது. சித்தி அதை இரண்டுமுறை படித்தாள். சமையலறையில் நின்றபடி படித்தாள்; அடுப்பை அணைத்துவிட்டுப் படித்தாள்.

"ரொம்ப நல்லாருக்கு அத்தான்" என்றாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எங்க தலைப்பு சாரும் இப்படித்தான் எழுதுவார்."

நான் சாய்ந்துகொண்டேன்.

"நான் நிஜமாவே பிளாஸ்டிக் குடுவை வரவழைச்சிருக்கேன்" என்றாள் சித்தி. "நாளைக்கு மத்தியானம் பார்ப்பேன். மூக்கு நீட்டியிருந்தா, முன்வரிசைல உக்காந்து நானும் கைதட்டுவேன், உங்க கதைக்கு என்ன முடிவு வேணும்னாலும் எடுத்துக்கோங்க. உருண்டையா இருந்தா நேரா அவர் அறைக்குப் போய்ச் சொல்லிடுவேன்."

"வேலை?"

"அதை ஈஸ்ட்கிட்டதான் கேக்கணும்."

"உனக்கு எது வேணும்?"

அவள் தாளை மடித்தாள்; விரித்தாள்.

"நீட்டணும்னுதான் வேணும். அதனாலதான் பேனால எழுதாம கல்லுல செதுக்கின மாதிரி லேபிள் ஒட்டப்போறேன். எந்தக் குடுவை எதுன்னு பார்க்கறப்ப எனக்கே தெரியக் கூடாதுன்னு லேபிளை மூடியும் வைக்கப்போறேன்."

"ஏன்?"

"என் மூக்கும் நீளும்ல?"

8

ஆகவே, மறுநாள். பின்மதியம். ஆய்வகத்தில் யாரோ தூரத்தில் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். வெப்ப அறையிலிருந்து வந்த சித்தியின் கண்ணாடி இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது. அதைக் கழற்றி வைக்கிறாள். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு. (மன்னிக்கவும்: அதுவும் கண்ணாடிதான். புதியது.) லென்ஸில் கண்ணை வைக்கிறாள். முதலில் வெறும் பால்வெளி. குமிழைத் திருப்பத் திருப்ப, அந்த வெண்மைக்குள் ஏதேதோ மிதந்து மேலே வருகின்றன. இன்னும் ஓரங்கள் வரவில்லை. கனவில் தெரிந்த முகம் கண் விழிக்கும் முன் இருக்குமே, அப்படி. இன்னும் கால் திருப்பு. தலைப்பின் அறையிலிருந்து அவர் மாநாட்டு உரையைச் சத்தமாக ஒத்திகை பார்ப்பது கேட்கிறது. செவிசாய்க்கும் செல்கள் என்ற இடத்தில் இன்றும் அவர் குரல் கம்முகிறது. சித்தியின் விரல் குமிழில் நிற்கிறது.

இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைக்கிறேன். உருண்டையா, பேரிக்காயா? ஈஸ்ட்டா, கண்ணாடியா? இதைச் சொல்லும் அதிகாரம் எழுதுகிறவனுக்கு இல்லை. வாசகரே, குமிழ் இனி உங்கள் கையில். உங்களுக்குள் எது எதுவெல்லாம் ஒட்டியிருக்கிறதோ அதற்கேற்ப உங்கள் மூக்கு நீளட்டும். நீங்கள் காண்பதே முடிவு. ஆயிரம் பேர் படித்தால் இந்தக் கதைக்கு ஆயிரம் முடிவுகள், ஆயிரமும் உண்மை, எதையும் மறுக்க இந்த உலகில் எவருக்கும்—

'சும்மா'வில் எல்லாம் உருண்டையாக இருந்தன. சித்தி போய்ச் சொல்லிவிட்டாள்.